நிலத்தின் குரல்

நுழையும்முன்

காட்சி சற்று மங்கலாக இருந்தாலும் பார்வையாளர் பொறுத்துக்கொள்வர். உரையாடல் தெளிவாகக் கேட்கவில்லையெனில் அவர்தம் மனம் படத்தைவிட்டு விலகிவிடும். படப்பிடிப்பு நிகழும் இடத்திலேயே ஒலியைப் பதிவுசெய்யும் கலையைக் கடலூர், சிதம்பரம் பகுதிகளின் வழியே அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

நிலமும் ஒலியும்

ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய ஒலி உண்டு என்பது தமிழர் கண்ட உண்மை. தொல்காப்பியம் கருப்பொருள்களுள் பறையையும் யாழையும் சேர்த்துள்ளது. நெய்தலுக்கு மீன்கோட்பறையும் மருதத்துக்கு நெல்லரிகிணையும் உரியன என்பது இலக்கண மரபு. இன்றும் கடலூர்த் தேவனாம்பட்டினத்தில் அலையோசை ஓய்வதில்லை. தெற்கே சிதம்பரத்தில் நடராசர் கோயில் மணியோசை, தேர் வீதிகளின் வாகன இரைச்சலோடு கலக்கிறது. அருகிலுள்ள பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டுக்குள்ளோ துடுப்பு நீரைத் தொடும் ஒலிகூடத் தெளிவாகக் கேட்கும். ஒரே உரையாடலை இம்மூன்று இடங்களிலும் பதிவுசெய்தால் மூன்று வேறு அனுபவங்கள் கிடைக்கும்.

பேசும்படத்தின் பயணம்

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தது. தொடக்ககாலப் பேசும்படங்களில் நடிகர்கள் கேமராவின் முன் பேசியதும் பாடியதும் அப்போதே பதிவாயின. பின்னாளில் வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகியபோது கேமராவின் இரைச்சலும் வேடிக்கை பார்ப்போரின் ஆரவாரமும் தடையாயின. ஆகவே, குரலைப் பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கும் டப்பிங் முறை வேரூன்றியது. கமல்ஹாசன் இயக்கிய 'விருமாண்டி' (2004) நேரடி ஒலிப்பதிவை மீண்டும் கையாண்ட தமிழ்ப் படங்களுள் ஒன்று.

தொலைவு என்னும் சிக்கல்

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. ஆகவே, ஒலிவாங்கி 14 மீட்டர் தொலைவில் இருந்தால் குரல் ஒரு சட்டக அளவு பிந்திவிடும். அதனினும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். சுற்றிலும் எழும் அலையோசையோ குறையாது.

எனவே, ஒலிவாங்கியை நீண்ட கோலின் முனையில் பொருத்தி, காட்சியில் தெரியாதவாறு நடிகரின் தலைக்குமேல் நெருக்கமாகப் பிடிப்பர். ஒரு திசை ஒலியை மட்டும் மிகுதியாக வாங்கும் ஒலிவாங்கியின் பின்புறம் கடலை நோக்கியிருந்தால் அலையோசை தணியும். கடற்காற்று மோதும் இரைச்சலை மயிர் உறை தடுக்கும். கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் தனித்தனியே இயங்குவதால், கிளாப் பலகை தட்டும் ஓசையைக் கொண்டு படத்தையும் ஒலியையும் பொருத்துவர்.

தெரிந்து தெளிவோம்

'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009இல் ஆஸ்கர் விருது பெற்றவர்களுள் ஒருவர், கேரளத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி.

அமைதியும் ஒலியே

காட்சி முடிந்ததும் படக்குழுவினர் அனைவரும் ஏறத்தாழ ஒரு நிமிடம் பேச்சும் அசைவும் இன்றி நிற்பர். அப்போது அவ்விடத்தின் சூழல் ஒலி மட்டும் பதிவாகும். படத்தொகுப்பில் இரு உரையாடல்களுக்கு இடையே விழும் வெற்றிடத்தை அந்த ஒலியே நிரப்பும். முழு ஒலியின்மையை அவ்விடத்தில் வைத்தால், படம் திடீரென அறுபட்டதுபோல் தோன்றும். பிச்சாவரத்தின் அமைதியைச் சிதம்பரத்து வீட்டுக் காட்சியில் பயன்படுத்தவும் இயலாது. ஓரிடத்தின் அமைதி மற்றோரிடத்துக்குப் பொருந்துவதில்லை.

மீட்க இயலாதது

கடற்கரையில் வாழ்வோர் அலையை மீறிக் குரலை உயர்த்திப் பேசுவர். அந்த உரத்த குரலிலும் இடையில் வாங்கும் மூச்சிலும் அவர்கள் வாழ்வு இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே சொற்களை மீண்டும் சொல்லலாம். அம்மூச்சை அவ்வாறே மீட்பது அரிது. வேறொருவர் குரல் கொடுக்கும்போது வட்டார வழக்கின் ஏற்ற இறக்கமும் மறையக்கூடும். ஆகவே, பொருத்தமான இடத்தில் ஒலிவாங்கியை வைப்பது தொழில்நுட்பம் மட்டுமன்று. அம்மக்களின் பேச்சை அவர்களுடையதாகவே காக்கும் பொறுப்புமாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு நிமிடம் சூழல் ஒலியைக் கைப்பேசியில் பதிவுசெய்க. இரண்டிலும் கேட்கும் ஒலிகளைப் பட்டியலிட்டு, வேறுபாடுகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.