மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலை

சௌபாக்கியவதி நந்தினிக்கு உன் மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் திருச்சியில் கட்டப்போகிற வீட்டின் வரைபடம் வந்து சேர்ந்தது. கூடம், சமையலறை, பூஜையறை எல்லாம் திருப்தியாகவே அமைந்திருக்கின்றன. ஆனால், மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய மூலைக்குக் கம்பிக் கதவு போட்டு அதில் 'நாய்' என்று எழுதியிருக்கிறதே, அதைப் பற்றித்தான் இக்கடிதம். மனிதர்களுக்கு வேண்டியதையெல்லாம் வகுத்துக்கொண்டபின் எஞ்சியதைப் பிராணிக்கு ஒதுக்குவது இக்காலத்து வீடுகளில் சர்வசாதாரணமாகிவிட்டது. அப்பிராணியின் சரீரமும் சுபாவமும் எதை நாடுகின்றன என்று கவனித்தபின் சுவரையும் தரையையும் ஜன்னலையும் நிர்ணயிப்பதே முறை என்பது என் அபிப்பிராயம்.

கட்டடக் கலையில் உலகப் பிரசித்தி பெற்ற பிராங்க் லாயிட் ரைட்டுக்கு 1956-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், தங்கள் வீட்டை வரைந்து தந்தவர் அவரே என்ற உரிமையோடு, தன் நாய்க்கும் ஒரு வீடு வரைந்து தரும்படி கடிதம் எழுதினான். எண்பது வயதைக் கடந்திருந்த அந்த மேதையும் மறுக்காமல், பெரிய வீட்டின் கோணங்களுக்கு இசைவாக முக்கோண வடிவில் ஒரு கூடு வரைந்து அனுப்பினார். சில ஆண்டுகளுக்குப்பின் அது கட்டவும்பட்டது. ஆனால், நாய்தான் அதில் குடியேறவில்லை. கூரை ஒழுகிற்று என்றும் சொல்கிறார்கள். அது எப்படியாயினும், மனிதர் நடமாட்டம் கண்ணில் படாத இடம் எத்தனை அழகாயிருந்தாலும் நாய்க்கு அது வீடாகாது.

உங்கள் சிப்பிப்பாறையோ, முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்டு வந்த வேட்டை இனம். பார்வையை மறைத்தால் அது ஏங்கிப்போகும். மேலும், நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்ப்பதோடு சரி, மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் உஷ்ணத்தை வெளியேற்ற வேண்டும். சித்திரை வெயிலில் வறுபடும் உங்கள் ஊரில், காற்றுப் புகாத படிக்கட்டின் அடியில் அது என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார். நம் ஜன்னல்கள் தரைக்கு மூன்றடி உயரத்தில் தொடங்குவதால், உள்ளே வருகிற காற்றுகூடப் படுத்திருக்கும் பிராணியின் தலைக்கு மேலாகவே போய்விடுகிறது. ஆகையால், ரேழியின் தெருப்பக்கச் சுவரில் தரையை ஒட்டி ஒன்றரையடி உயரத்துக்குத் துளைகளிட்ட ஒரு ஜாலி வைக்கச் சொல். அங்கே படுத்தால் ஒருபுறம் வாசற்கதவும் மறுபுறம் கூடமும் தெரியும், காற்றும் வரும், சங்கிலிக்கும் அவசியமிராது. குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். அச்சட்டம் பிறக்கக் காரணமாயிருந்தவர் கலாக்ஷேத்திரம் கண்ட நம் ருக்மிணி தேவி என்பது பலருக்கு நினைவில்லை.

இனி, எவரும் வரைபடத்தில் எழுதாத ஒரு விஷயம்: உண்ணி. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி, பருவம் வந்ததும் நாயை விட்டிறங்கி, சுவர் வெடிப்பிலோ, கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கிலோ புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டு மடிகிறது. பொரிந்த குஞ்சுகள் மறுபடியும் நாயைத் தேடிப் புறப்படுகின்றன. மற்ற உண்ணி வகைகளுக்குப் பெரும்பாலும் புல்லும் புதரும் வேண்டியிருக்க, நம் நாய்களைப் பற்றுகிற பழுப்பு உண்ணி மட்டும் தன் ஜீவிதம் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே நடத்தி முடிக்க வல்லது. ஆகவே, நாய்க்கு மருந்து போடுவது பாதி வேலை. மற்றப் பாதி கொத்தனாருடையது. நிலைகளைச் சுற்றிலும், தரையும் சுவரும் கூடுமிடத்திலும் சந்து விடாமல் பூசச் சொல்; ஸ்கர்ட்டிங் கல்லுக்குப் பின்னால் பொள்ளல் இருக்கிறதா என்று நீயே தட்டிப் பார்.

தரைக்கு மினுமினுக்கும் டைல்ஸ் வேண்டாம். நகம் பிடிக்காத தரையில் நாயின் கால்கள் விலகி விலகி, வயதான காலத்தில் இடுப்பு மூட்டு வலியை அதிகமாக்கும்; சொரசொரப்பான கடப்பைக் கல்லே போதும். கொல்லைவாசலில் கால் கழுவ ஒரு குழாயும், நீர் வடிய வாட்டமும் இருக்கட்டும்.

உங்கள் பூனையின் விஷயம் வேறு. அது வேண்டுவது உயரம். சுவரில் படிப்படியாக நான்கு பலகைகள் அடித்துவிட்டால் நாயின் தொந்தரவு இல்லாமல் அது மேலேயே சஞ்சரிக்கும். ஆனால், மாடி ஜன்னல்களுக்கு உறுதியான கம்பிவலை அவசியம். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும் என்று சொல்வார்கள். நியூயார்க்கில் ஒரே ஆஸ்பத்திரிக்கு ஐந்து மாதங்களில், மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன என்று 1987-இல் இரு மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை பிழைத்தன என்பது உண்மையே. நெஞ்சிலும் தாடையிலும் பட்ட காயங்களோடு பிழைத்தன என்பதும் உண்மை. பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டை அதன் சோற்றுத் தட்டுக்கு அருகில் வைக்காதே. பினாயில் போட்டுத் தரை துடைப்பதையும் விட்டுவிடு. அந்த விஷத்தை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, அதுவோ பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கும் ஜந்து.

கடைசியாக, முன்புறத் தோட்டத்தில் வேலியோரம் முழுவதும் செவ்வரளி என்று குறித்திருக்கிறாய். அதன் இலை, பூ, தண்டு யாவும் இருதயத்தைத் தாக்கும் விஷம். கன்றுகாலிகளே அதை மேய்ந்து மாண்டதுண்டு. அவ்விடத்தில் செம்பருத்தி வைத்துக்கொள். உன் மாமியாரின் பூஜைக்கு அதுவும் ஆகும். திருத்திய படத்தை மேஸ்திரியிடம் கொடுக்குமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா