கோஸ் புழுவுக்கு வேப்பங்கரைசலா? முதல்ல பாட்டில்ல பாரு!

தங்கச்சி, லயத்துக்குப் பின்னால போட்ட கோஸை ஓட்டையாக்குற புழுவுக்கு ஆளுக்கொரு பச்சிலை சொல்வாங்க. யார் சொன்னதையும் தோட்டம் முழுக்கத் தெளிச்சுடாதே. வீட்டுலயே சோதிச்சுப் பார்த்துக்கோ.

நம்ம சேரம்பாடி மழைக்கு வேம்பு சரியா வராது. கீழ்நாட்டுக்குப் போறவங்ககிட்ட வேப்பங்கொட்டை வாங்கிவரச் சொல்லு. பூஞ்சை பிடிச்சது வேண்டாம். ஓடு நீக்கின பருப்பு 50 கிராமை இடிச்சு, துணியில முடிஞ்சு, 1 லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப்போடு. காலையில பிழிஞ்சு வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சா 5 சதவீதக் கரைசல். அன்னைக்கே பயன்படுத்திடணும்.

இனிதான் முக்கியமான வேலை. ஒரே செடியோட இலையை ஒரே அளவுல நறுக்கு. பாதியைக் கரைசல்லயும், பாதியை வெறும் சோப்புத்தண்ணியிலயும் முக்கி ஈரம் உலரவிடு. தனித்தனி பாட்டில்ல போட்டு, ஒரே அளவான சின்னப் புழுவா பத்துப் பத்து விட்டு, மெல்லிய துணியால வாயைக் கட்டு. மறுநாள் மிச்ச இலையைக் கட்டம் போட்ட கணக்கு நோட்டுல வச்சு வரைஞ்சு, தின்னு தீர்த்த கட்டங்களை எண்ணு. சோப்புத்தண்ணி பாட்டில்லயும் புழு தின்னலேன்னா, அது கரைசலோட வேலைன்னு சொல்ல முடியாது. இந்த இரண்டாவது பாட்டில் இல்லாத சோதனையை நான் நம்பவே மாட்டேன்.

மறுநாள் புழு உயிரோட நெளியுதேன்னு கொட்டிடாதே. வேம்பு உடனே கொல்லாது. தின்ன விடாது, தோல் உரிக்க விடாது. 1962லயே டெல்லி விஞ்ஞானிங்க, வேப்பம்பருப்புத் தண்ணி பட்ட பயிரை வெட்டுக்கிளி தின்னாம விட்டதை எழுதியிருக்காங்க. அதனால தினமும் இலையை மாத்தி ஒரு வாரம் கவனி. உண்ணிச்செடி, ஆடாதொடை இலைச் சாறையும் இதே மாதிரி பார்க்கலாம். அரளியும் புகையிலையும் மட்டும் வேண்டாம்மா. பச்சிலைன்னாலும் விஷம் விஷம்தான்; புகையிலை நஞ்சு தோல் வழியாவே உடம்புக்குள்ள போயிடும்.

பாட்டில்ல ஜெயிச்சதை ரெண்டு செடிக்கு மட்டும் தெளிச்சு, இலை கருகுதான்னு பாரு. வெயில்ல வேம்போட சத்து சீக்கிரம் அழிஞ்சுடும், அதனால சாயங்காலம் தெளி, இலையோட அடிப்பக்கமும் நனையட்டும். ஆடி மழையில எதைத் தெளிச்சாலும் கழுவிட்டுப் போயிடும். அப்போ முட்டைக் குவியலையும் புழுவையும் கையால பொறுக்கு. தொட்டதும் துள்ளி நூல்ல தொங்குற சின்னப் பச்சைப் புழுன்னா அது வைரமுதுகு அந்துப்பூச்சியோட புழு. அடையாளம் தெரியலேன்னா குன்னூர் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டிக் கேளு. பக்கத்துத் தேயிலைக் கொழுந்து மேல மட்டும் தெறிக்காம பார்த்துக்கோ, அது ஃபேக்டரிக்குப் போற இலை.