பாண்டவர் வீட்டில் யார் இருந்தார்கள்?



நம்ம ஊர் ஏரிக்கு மேற்கே பாறைமேட்டில் ஒரு கல் வீடு இருக்கிறது. ஆடு மேய்க்கப் போகிற எல்லாருக்கும் அது தெரியும். நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு பெரிய மூடுகல், கிழக்குப் பக்கக் கல்லில் ஒரு வட்ட ஓட்டை. மழை வந்தால் நாங்கள் அதுக்குள்ளே போய் உட்காருவோம். "பாண்டவங்க வனவாசம் வந்தப்போ தங்கின வீடு அது" என்று எங்க தாத்தா சொல்லுவார். குள்ள மனிதர்கள் கட்டிய வீடு என்று சொல்கிற ஊர்களும் உண்டு.

சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "அது வீடு இல்லம்மா, கல்லறை" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் கல்லறைக்குள்ளேயா உட்கார்ந்து புளியங்காய் தின்றோம்! அதன் பிறகு டீச்சரிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பெருங்கற்காலம்

இறந்தவர்களுக்காகப் பெரிய பெரிய கற்களை வைத்து நினைவிடம் கட்டிய காலத்தைப் பெருங்கற்காலம் என்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் அது இரும்புக் காலத்தோடு சேர்ந்தது. நம் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு 4200 ஆண்டு பழமையானது என்று 2022-ல் அறிவித்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்தது 5300 ஆண்டு பழமை என்று 2025-ல் அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

வகைகள்

1. கல்திட்டை: தரைக்கு மேலே பலகைக் கற்களால் கட்டிய அறை. நம்ம 'பாண்டவர் வீடு' இந்த வகைதான். நம் மாவட்டத்து மல்லசந்திரம் மலையில் இது நிறைய இருக்கிறது.
2. கல்பதுக்கை: இதே போன்ற கல் அறை, ஆனால் மண்ணுக்கு அடியில் இருக்கும்.
3. கல்வட்டம்: புதைத்த இடத்தைச் சுற்றி உருண்டைக் கற்களை வட்டமாக வைப்பது.
4. முதுமக்கள் தாழி: பெரிய மண் பானைக்குள் எலும்புகளை வைத்துப் புதைப்பது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இதற்குப் பெயர் போனது.
5. நெடுங்கல்: நினைவாக நட்டு வைத்த உயரமான ஒற்றைக் கல்.

இறந்தவுடன் அப்படியே புதைக்காமல், பிறகு எலும்புகளை மட்டும் எடுத்து வந்து வைக்கும் வழக்கமும் இருந்திருக்கிறது. ஒரே அறையில் பலருடைய எலும்புகள் கிடைப்பதும் உண்டு. கல்லில் உள்ள வட்ட ஓட்டைக்கு 'இடுதுளை' என்று பெயர். பின்னால் இறந்தவர்களின் எலும்பையும் படையலையும் அந்த வழியாக உள்ளே வைத்திருக்கலாம் என்கிறார்கள். பக்கத்திலேயே பானை, இரும்புக் கத்தி, ஈட்டி, மணிகள் எல்லாம் வைப்பார்கள். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஈமக்குழிகளில் சிவப்பு நிறச் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல்லே இருந்தது! அது 3200 ஆண்டுக்கு முந்தியது. செத்தவருக்கும் பசிக்கும் என்று நினைத்து யாரோ நெல் வைத்திருக்கிறார்கள்.

எப்படித் தூக்கினார்கள்?

டீச்சரோடு போய் மூடுகல்லை டேப் வைத்து அளந்தோம். நீளம் 7 அடி, அகலம் 5 அடி, கனம் முக்கால் அடி. கன அளவு 7 × 5 × 0.75 = 26.25 கன அடி. ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. ஆக, அந்தக் கல் ஏறக்குறைய 2 டன்! கிரேன் இல்லாத காலத்தில் ஒருவரால் முடிகிற வேலையா இது? பாறை மேல் தீ மூட்டிச் சூடாக்கினால் அது பலகை பலகையாகப் பெயரும். அதை உருளை மரத்தில் வைத்துத் தள்ளி, மண் சரிவு போட்டு மேலே ஏற்றியிருப்பார்கள் என்கிறார்கள். ஒருத்தர் இறந்ததற்கு ஊரே சேர்ந்து உழைத்திருக்கிறது.

நான் செய்த தப்பு

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நாலாவது படிக்கும்போது கல்வட்டத்தின் ஓரத்தில் மழை அரித்த இடத்தில் ஒரு பானை வாய் தெரிந்தது. நானும் தம்பியும் குச்சியால் தோண்டினோம். பானை உடைந்துவிட்டது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. அதில் ஒரு ஓட்டை எடுத்து ரொம்ப நாள் நொண்டி ஆட்டத்துக்குச் சில்லாக வைத்திருந்தேன். அது பெருங்கற்காலத்துக் கறுப்பு-சிவப்புப் பானை என்று இப்போதுதான் தெரிந்தது. சூளையில் காற்றுப் படாத பக்கம் கறுப்பாகவும், காற்றுப் பட்ட பக்கம் சிவப்பாகவும் மாறுமாம்.

அந்தச் சில்லை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. "எந்த இடத்தில், எவ்ளோ ஆழத்தில், எதுக்குப் பக்கத்தில் இருந்துச்சுன்னு தெரிஞ்சால்தான் பானை பேசும். எடுத்துட்டா ஊமை ஆயிடும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது மேட்டில் மூன்று கல்வட்டம் இருந்ததாம். இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மற்ற கற்கள் எங்கே? சில கிணற்றுச் சுவருக்குப் போயின, சில அஸ்திவாரத்துக்குப் போயின. எங்க வீட்டு வாசல்படிக் கல்லும் அங்கிருந்து வந்ததுதான் என்று தாத்தாவே சொன்னார். போன தை மாதம் பக்கத்துக் கொல்லையைச் சமன் செய்ய ஜேசிபி வந்தது. மிச்சமிருக்கும் வட்டத்தில் நாலு கல் பெயர்ந்துவிட்டது. கொல்லைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் இது தெரியாது. எங்களுக்கே தெரியாதே!

நாம் என்ன செய்யலாம்?

* புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டக் கூடாது. மண்ணுக்குள் கிடைக்கும் பொருளை மறைப்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி குற்றம்.
* பானை, எலும்பு, இரும்பு தெரிந்தால் தொடாமல் ஆசிரியரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ சொல்ல வேண்டும்.
* கல்லில் பெயர் எழுதக் கூடாது.
* வீட்டில் பெரியவர்களிடம் இது யாருடைய இடம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

நான் தாத்தாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் வாசல்படிக் கல்லைக் கழுவி, ஒரு பூ வைத்திருந்தார். கொல்லைக்காரரிடமும் அவரே போய்ப் பேசியிருக்கிறார். மிச்சக் கல்லை எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

உங்களுக்குத் தெரியுமா?

புறநானூற்றில் ஒரு பெண், இறந்த கணவனுக்குத் தாழி செய்யும் குயவரிடம், தானும் சேர்ந்து இருக்கிற அளவுக்கு அகலமாகச் செய்யச் சொல்கிறாள். கொரியா நாட்டுக் கல்திட்டைகளை யுனெஸ்கோ 2000-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

வினா: 8 அடி நீளம், 6 அடி அகலம், 1 அடி கனமுள்ள மூடுகல்லின் எடை என்ன? (விடை அடுத்த இதழில்)

பாண்டவர் வீட்டில் இருந்தது பாண்டவர் இல்லை, நம்ம ஊர்க்காரங்கதான்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி