எச்சரிக்கும் விளக்குகள்

கேமரன் மலையிலிருந்து ஈப்போ அருகிலுள்ள சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை நீண்ட சரிவுடையது. அவ்வழியே வரும் பழைய மெர்சிடிஸ் பென்ஸ் மகிழுந்தில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், ஓட்டுநர் முதலில் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். பிறகே காரணத்தைத் தேட வேண்டும்.

வண்டியை நிறுத்தி வைக்கும் பிரேக் முழுமையாக விடுவிக்கப்படாவிட்டாலும் இவ்விளக்கு எரியும். அது காரணமில்லை என்றால், பிரேக் எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். பிரேக் பேட் தேயத் தேய எண்ணெயின் அளவு மெல்லக் குறையும். விரைவாகக் குறைந்தால், எங்கோ கசிவு உள்ளது எனலாம். எண்ணெய் ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும். ஆனால், தேய்மானமோ கசிவோ நீங்கிவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

சில வண்டிகளில் பேட் தேய்மானத்தைக் காட்டத் தனி விளக்கு உண்டு. பேட்டினுள் ஒரு மின்கம்பி பதிக்கப்பட்டிருக்கும். பேட் தேய்ந்ததும் அக்கம்பி சுழலும் வட்டைத் தொடும்; உடனே விளக்கு எரியும்.

சக்கரங்கள் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ‘ஏபிஎஸ்’ மின்னணு முறை 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்-கிளாஸ் மகிழுந்தில் அறிமுகமானது. ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால், பெரும்பாலும் வழக்கமான பிரேக் இயங்கும். எனினும், மழையில் நனைந்த சாலையில் திடீரென பிரேக்கை அழுத்தினால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கக்கூடும். சக்கரத்தின் வேகத்தை அறியும் உணரி பழுதாவது இதற்கு ஒரு காரணமாகும்.

ஆகவே, எந்த விளக்கு, எப்போது எரிந்தது என்பதைக் குறித்துவைத்துப் பட்டறையில் தெரிவிக்க வேண்டும். அக்குறிப்பு பழுதைச் சரியாகக் கண்டறியத் துணைபுரியும்.