தூண்டில்காரருக்கு: தீவனத்தோடு சிறிது மண்

சித்தேரி மலையடிவாரத்து வள்ளிமதுரை வரட்டாறு அணையிலோ, அரூர்ப் பக்கத்து ஏரிகளிலோ உரிய அனுமதி பெற்றுத் தூண்டில் போடுகிறவர்கள், மீன்களை ஓரிடத்தில் கூட்டுவதற்காகச் சாமைத் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் மட்டுமே உருட்டி எறிவது வீண் செலவு என்பதோடு, வயிறு நிறைந்த கெண்டை பிறகு முள்ளில் கோத்த புழுவை ஏறிட்டும் பாராது என்பதையும் சிந்திப்பது நலம். இரண்டு பங்கு மண்ணில் ஒரு பங்கு தீவனம் சேர்த்தால், போஷணை குறைவதால் மீனின் வயிறு நிறையாது, கனம் கூடுவதால் உருண்டை நேரே அடியில் போய்த் தங்கி, மெல்லக் கரைந்து கலங்கலையும் வாசனையையும் பரப்பும்.

இதற்கு ஏரி வண்டல் உத்தமம். இடிந்து உதிர்ந்த பழம்புற்றின் மண்ணும் நைசாயிருக்கும். இடியாமல் நிற்கும் புற்றை மட்டும் தொடவே வேண்டாம், பாம்பு குடியிருக்கலாம். இங்கிலாந்தில் இதே காரியத்துக்கு, வளை தோண்டும் மோல் என்ற பிராணி வெளியே தள்ளிய மண்ணை விரும்பி எடுக்கிறார்கள். உரமும் மருந்தும் தெளித்த வயல் மண் சர்வ நிச்சயமாய் ஆகாது.

மண்ணை உலர்த்தி, கல்லும் வேரும் போகச் சல்லடையில் சலித்து, தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, எலுமிச்சையளவு உருண்டை ஒன்றை வாளி நீரில் போட்டுப் பாருங்கள். மேலேயே உடைந்தால் ஈரமோ பசையோ போதாது. அடியில் கல்லாய்க் கிடந்தால் களி அதிகம், தவிடு சேர்க்கவேண்டும். அடியில் மேயும் மிர்காலுக்கே இம்முறை ஏற்றது. மேல்மட்டத்தில் இரை தேடும் கட்லாவுக்கு அவ்வளவாய்ப் பயன்படாது.