எஃப்.சி.க்கு வண்டியை எந்தப் பட்டறையில் விடுவது?

கணியம்பாடியில் டாடா ஏஸ் வைத்திருப்பவர், வேலூர்–பாகாயம் தடத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், ஆம்பூர் பக்கத்து டேனரிகளுக்கு உப்புத் தோல் ஏற்றும் லாரிக்காரர், ஷூ கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ்காரர் என்று எல்லோருக்கும் தவறாமல் வந்து நிற்கும் நாள் ஒன்று உண்டு. அது எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று முடியும் நாள். தகுதிச் சான்று இல்லாத வாடகை வண்டியை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதிவே ஆகாத வண்டியாகத்தான் பார்க்கிறது. புது வண்டிக்கு முதல் இரண்டு ஆண்டு கவலையில்லை. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் வண்டியைக் காட்டியாக வேண்டும். காட்டாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறையே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய ஆபத்து விபத்து நேரும்போது வரும், எஃப்.சி. இல்லை என்ற ஒரே காரணத்தைப் பிடித்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனம் கோர்ட்டில் வழக்காடும். அதனால்தான் தேதி நெருங்க நெருங்க எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: எந்தப் பட்டறையில் விட்டால் சிக்கல் இல்லாமல் பாஸ் ஆகும்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதில் அளவுகோல் தவறாக இருக்கிறது. பட்டறையின் வேலையையும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் தரும் சான்றையும் ஒரே பொட்டலமாக விலை பேசக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இரண்டையும் தனித்தனியாக வாங்குபவருக்குத்தான் வண்டியும் தேறும், சான்றும் நிற்கும்.

சான்று மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் 2012 ஜூலையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சென்னைப் புறநகரில் ஒரு பள்ளிப் பேருந்தின் இருக்கைக்குக் கீழே தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து, அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். அந்தப் பேருந்துக்கு அப்போது எஃப்.சி. இருந்தது, அதுவும் சமீபத்தில்தான் வாங்கியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசு சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. இப்போது ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் அதிகாரிகள் கூடிப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திப் பார்ப்பதற்கு வேர் அந்த விபத்துதான். தரையில் ஓட்டை என்பது நுட்பமான இயந்திரக் கோளாறு கிடையாது. இருக்கையை நகர்த்திக் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். வண்டியைத் தயார் செய்த கைகளில் ஒன்று பார்த்திருக்கலாம், சோதித்த கண்களில் ஒன்று பார்த்திருக்கலாம். எஃப்.சி. என்பது ஒரு நாளில், சில நிமிடங்களில், ஒருவர் பார்த்ததற்கான சாட்சி மட்டுமே. மீதி நாட்களுக்கெல்லாம் பொறுப்பு பட்டறையின் தலையிலும் உரிமையாளரின் தலையிலும்தான் விழுகிறது.

இந்தப் பொறுப்பு வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் மற்ற ஊர்களைவிடக் கூடுதல் கனமானது. காரணம் உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு தடவித்தான் டேனரிக்கு வருகிறது. அந்தத் தோலிலிருந்து கசியும் உப்பு நீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி, சேஸிஸின் குறுக்குச் சட்டங்கள், ஸ்பிரிங் பட்டை மாட்டும் ஷேக்கிள், பிரேக் குழாய் எல்லாவற்றிலும் படிகிறது. வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, மறுபடி காய்ந்து, இரும்பை ஏடு ஏடாக உரித்துவிடுகிறது. தோல் ஏற்றிவிட்டு மறுநாள் காய்கறி ஏற்றும் சின்ன வண்டிக்கும் இதே கதிதான். இப்படிப்பட்ட வண்டியை எஃப்.சி.க்குத் தயார் செய்யும்போது பல இடங்களில் நடப்பது என்ன? அடிப்பகுதியைத் தண்ணீர் அடித்துக் கழுவி, ஈரம் காய்ந்ததும் கறுப்புப் பெயிண்டை ஸ்பிரே செய்துவிடுகிறார்கள். பார்க்கப் புது வண்டி மாதிரி இருக்கும். ஆனால் துருவின் மேல் அடித்த பெயிண்ட் துருவைத் தடுக்காது, மறைக்க மட்டுமே செய்யும். இரண்டு ஆண்டு செல்லுபடியாகும் சான்று கையில் இருக்க, உப்பு உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே இந்த வட்டாரத்தில் ஒரு பட்டறையை எடைபோட முதல் கேள்வி இதுதான்: பெயிண்ட் அடிக்கும் முன் வெறும் இரும்பைக் காட்டுவார்களா? கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உள்ளே அரித்துப்போன இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். உரிமையாளரைப் பக்கத்தில் நிறுத்தி இதைச் செய்து காட்டும் மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இனி, கண்முன் இருக்கும் வழிகள். அதிகம் பேர் போவது பேக்கேஜ் பட்டறைக்கு. “வண்டிய விட்டுட்டுப் போங்கண்ணே, எஃப்.சி.யோட வந்து எடுத்துக்கங்க” என்று ஒரே தொகை சொல்வார்கள். பெயிண்டிங், ஒளிரும் ஸ்டிக்கர், புகைச் சான்று, அரசுக் கட்டணம், அலைச்சல் எல்லாம் அதில் அடக்கம். வசதியாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தத் தொகையில் பிரேக் லைனிங்குக்கு எவ்வளவு, கிங் பின்னுக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால் பதில் தெளிவாக வராது. பிரித்துச் சொல்லாத தொகையில், வெளியே தெரியாத வேலைதான் முதலில் விட்டுப்போகும். எஃப்.சி. நாளுக்கு மட்டும் நல்ல டயரை இரவலாக மாட்டுவது, முதலுதவிப் பெட்டியைக் கைமாற்றுவது போன்ற பழக்கங்கள் வளர்ந்ததும் இந்த முறையில்தான். அரசுக் கட்டணத்தைப் பொறுத்தவரை இடைத்தரகர் தேவையே இல்லை. பரிவாகன் இணையதளத்தில் உரிமையாளரே விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி ரசீது எடுத்துக்கொள்ளலாம். அந்த ரசீதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவருக்கு, பேக்கேஜில் அரசுக்குப் போனது எவ்வளவு, மற்றவர்களுக்குப் போனது எவ்வளவு என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

சோதிப்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் நல்ல உதாரணம். அங்கே 1960இல் தொடங்கிய எம்.ஓ.டி. என்னும் வாகனத் தகுதிச் சோதனையை இன்று பெரும்பாலும் தனியார் கராஜ்களே செய்கின்றன. பழுதையும் அதே கராஜ் சரிசெய்து பணம் வாங்கலாம். இல்லாத பழுதைச் சொல்லிப் பணம் பிடுங்குகிறார்களோ என்ற சந்தேகம் வாடிக்கையாளருக்கு எப்போதும் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் சோதனை நிலையங்களைத் தேடிப் போகிறார்கள். அங்கே சோதனை உண்டு, வெளியாருக்குப் பழுது வேலை கிடையாது. இந்தியாவில் 2021 செப்டம்பரில் வந்த தானியங்கிச் சோதனை நிலைய விதிகள் இந்தப் பிரிவினையைச் சட்டமாகவே எழுதிவிட்டன. அத்தகைய நிலையம் நடத்துபவர் பழுது பார்க்கவோ, வண்டி விற்கவோ, உதிரிபாகம் விற்கவோ கூடாது. நம் ஊர்ப் பழைய முறையிலும் பட்டறைக்காரர் வேறு, பிரேக் இன்ஸ்பெக்டர் வேறு. சட்டம் பிரித்து வைத்த இந்த இரண்டையும் பேக்கேஜ் மறுபடி ஒட்டவைக்கிறது. பிரிட்டனில் இல்லாத பழுதைச் சேர்க்கும் பயம். இங்கே இருக்கும் பழுதை மறைக்கும் பயம். திசைதான் மாறுகிறது.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. அசல் பாகம், பிரித்து எழுதிய பில், செய்த வேலைக்கு உத்தரவாதம் எல்லாம் அங்கே கிடைக்கும். ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட, கணினி வழிக் கோளாறு பார்க்க வேண்டிய புதிய ரக வண்டி என்றால் வேலூர் நகர்ப்பக்கம் போய் அங்கே விடுவதே சரி. ஆனால் பத்து வயது ஏஸுக்கோ பழைய லாரிக்கோ அங்கே பெரும்பாலும் பாகத்தை முழுதாக மாற்றச் சொல்வார்கள். வெல்டிங், தகர வேலை, ஸ்பிரிங் பட்டைக்கு வளைவு ஏற்றுவது போன்றவை அவர்கள் கை வேலை கிடையாது. அந்த வேலைக்கு மறுபடி வெளியேதான் போக வேண்டும். உப்பு அரித்த சேஸிஸுக்கு அவர்களிடம் தனி மருந்தும் இல்லை.

ஊர்ப் பட்டறைதான் மீதி. கணியம்பாடியிலிருந்து வேலூர் போகும் சாலையோரத்திலும் கண்ணமங்கலம் பக்கமும் இருக்கும் சின்ன ஷெட்டுகளில் போர்டும் பில் புத்தகமும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த மெக்கானிக்குக்கு உங்கள் வண்டி எந்தப் பாதையில் என்ன பாரத்தோடு ஓடுகிறது என்பது தெரியும். எஃப்.சி. முடிந்த பிறகும் தினம் அவர் கடை வழியாகத்தான் வண்டி போய் வரும் என்பதால் அரைகுறை வேலை அவருக்கே கெட்ட பெயர். நல்ல ஷெட்டை அடையாளம் காணச் சில சோதனைகள் போதும். நான்கு சக்கரத்தையும் கழற்றி டிரம்மைத் திறக்கிறாரா, அல்லது சக்கரத்தைச் சுற்றிவிட்டு அட்ஜஸ்ட் மட்டும் செய்கிறாரா? லைனிங்கில் ரிவெட் தலை தட்டுப்படும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அட்ஜஸ்ட் செய்து பயனில்லை. முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் கிங் பின்னையும் பேரிங்கையும் பார்க்கிறாரா? ஏர் பிரேக் லாரி என்றால் டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீரை வடிக்கிறாரா? கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே உங்கள் கையில் தருகிறாரா? கடைசிக் கேள்விக்கு ஆமென்று பதில் வந்தால் மற்றவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஊர்ப் பட்டறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். ஹெட்லைட் ஒளிக்கற்றையை அளப்பது, வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சீல் வைப்பது போன்றவற்றுக்கு அங்கே கருவி இராது. சாதாரணச் சரக்கு வண்டிக்கு மணிக்கு 80 கிலோமீட்டர், டேங்கருக்கும் பள்ளிப் பேருந்துக்கும் 60 என்ற வரம்பை அமைக்க அங்கீகாரம் பெற்ற டீலரிடம்தான் போக வேண்டும்.

பேக்கேஜை விட்டு ஊர்ப் பட்டறைக்குப் போகச் சொன்னால் ஆட்டோ ஓட்டுநர் சொல்லும் மறுப்பு கனமானது. “மூணு நாள் வண்டி நின்னா வீட்ல அடுப்பு எப்படி எரியும்?” அவருக்குப் பேக்கேஜ் என்பது சோம்பல் இல்லை, கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு எல்லா வேலையையும் கடைசி வாரத்தில் குவித்து வைப்பதால் வருவது. எஃப்.சி. தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு ஞாயிறு பிரேக், இன்னொரு ஞாயிறு ஸ்டீயரிங், பிறகு ஒரு மாலை வயரிங், விளக்கு என்று பிரித்துக்கொண்டால் முழுதாக வண்டி நிற்பது பெயிண்டிங்குக்கும் காட்டும் நாளுக்கும் மட்டுமே. கூலியும் மொத்தமாக இல்லாமல் சிறுகச் சிறுகப் போகும். இதற்குப் பேக்கேஜ் பட்டறை ஒத்துவராது, வீட்டுக்குப் பக்கத்து ஷெட் ஒத்துவரும்.

இன்னொரு மறுப்பு: இன்ஸ்பெக்டர் பெயிண்டையும் ஸ்டிக்கரையும்தானே பார்க்கிறார், டிரம்மைத் திறந்து என்ன பயன்? எல்லா இன்ஸ்பெக்டரும் அப்படி இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி பிரேக் பிடித்துப் பார்க்கும் முறை மெல்ல விடைபெறப் போகிறது. தானியங்கி நிலையத்தில் வண்டி உருளைகளின் மேல் ஏறி நிற்கும். இடது சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது, வலது சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்று கருவி தனித்தனியாக எண்ணில் சொல்லும். ஒரு பக்க வீல் சிலிண்டர் கசிந்தால் அங்கே பெயிண்ட் காப்பாற்றாது. அப்படியானால் கருவி வந்தபின் பட்டறை எதுவானால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். கருவி பிரேக்கை அளக்கும், புகையை அளக்கும், விளக்கை அளக்கும். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் துருவை அளக்கும் கருவி அந்த வரிசையில் இல்லை. அதற்கு இப்போதும் மனிதக் கண்ணும் சுத்தியலும்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. புதிய ரக வண்டியும் உத்தரவாதக் காலமும் இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டர். எட்டு வயது தாண்டிய ஏஸ், ஆட்டோ, வேன் என்றால் பழைய பாகத்தைக் கையில் தரும் ஊர்ப் பட்டறை. விளக்குக்கும் வேகக் கருவிக்கும் மட்டும் வேலூர். தோல் ஏற்றும் வண்டி எந்த வயதானாலும், சான்று இரண்டு ஆண்டுக்கு இருந்தாலும், மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பகுதியைச் சுரண்டிப் பார்க்கும் ஷெட் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆள் ஏற்றும் வண்டிக்கு, அது பள்ளிப் பேருந்தாக இருந்தாலும் ஷூ கம்பெனி பஸ்ஸாக இருந்தாலும், தரைப் பலகையைத் தூக்கிப் பார்க்காத பட்டறையை எவ்வளவு மலிவானாலும் தவிருங்கள். விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள், கட்டணத்தை நீங்களே கட்டுங்கள், காட்டும் நாளில் வண்டியோடு நீங்களே போங்கள். இன்ஸ்பெக்டர் ஏதாவது குறை சொன்னால் அந்தச் சீட்டை நேராக உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.