மின்சார வண்டிக்கு ஏற்ற சக்கரமும் டயரும்

பெரிய சக்கரம் பூண்ட மின்சார வண்டி பார்வைக்குக் கம்பீரமாகத் தோன்றலாம். ஆயினும் சக்கரத்தைத் தெரிந்தெடுப்பதற்கு அழகு அளவுகோல் ஆகாது. செல்லும் பாதையும் ஏற்றும் சுமையுமே அளவுகோலாகும்.

அமெரிக்காவில் 2021-ல் வெளிவந்த ரிவியன் ஆர்1டி என்னும் மின்சாரச் சரக்கு வண்டியை உதாரணமாகக் கொள்வோம். 3 டன்னுக்கு மேல் எடையுள்ள அவ்வண்டிக்கு 20, 21, 22 அங்குலச் சக்கரங்கள் அளிக்கப்பட்டன. 20 அங்குலச் சக்கரத்துக்குரிய டயரின் குறி 275/65 ஆர்20 ஆகும். இதில் 275 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு, அதாவது ஏறத்தாழ 179 மி.மீ. 275/50 ஆர்22 டயரிலோ அது சுமார் 138 மி.மீ.தான்.

உயர்ந்த பக்கச்சுவர் கல்லிலும் குழியிலும் எழும் அதிர்ச்சியை ஏற்றுச் சக்கரத்தின் விளிம்பைக் காக்கும். ஆனால், கரட்டுப் பாதைக்கென ஆழ்ந்த வெட்டுகளுடன் செய்யப்படும் டயர் உருளுகையில் மிகுந்த சக்தியை விழுங்கும். ஒருமுறை மின்னேற்றிச் செல்லக்கூடிய தூரம் குறையும். ஆகவே மண்பாதைக்கு முன்னதும், தார்ச்சாலைக்கு உருளுந்தடை குறைந்த டயரும் ஏற்றவை.

எதைத் தெரிந்தெடுப்பினும், அளவுக் குறியை அடுத்துள்ள சுமை எண்ணைப் பார்த்தல் அவசியம். மின்கல அடுக்கால் வண்டியின் பாரம் மிகுதி. தயாரிப்பாளர் விதித்ததிலும் குறைந்த எண்ணுடைய டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

பயிற்சி: 275/55 ஆர்21 டயரின் பக்கச்சுவர் உயரத்தைக் கணக்கிடுக.